சி.டி. ஸ்கேன் ‘டை’ ஊசி கிட்னியைக் கெடுக்குமா? ஊத்தங்கரையிலிருந்து கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“டை போட்டு ஸ்கேன் எடுக்கணும்” என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், வீட்டில் ஒரு விவாதம் ஆரம்பித்துவிடும். “அந்த ஊசி போட்டா கிட்னி போயிடுமாம்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கையெழுத்துப் போடுங்க” என்பார் ஸ்கேன் சென்டர் ஊழியர். ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துவிட்டு, அப்பாவையோ அம்மாவையோ ஸ்கேனுக்கு அழைத்துப்போக லீவு போட்டு வந்திருக்கும் மகனோ மகளோதான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அப்போது நேரமும் இருக்காது.

அந்த இரண்டு பேச்சுமே பாதி உண்மை. டை ஊசியால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பது உண்மை. ஆனால், அந்த ஆபத்து எல்லோருக்கும் கிடையாது. ஒரு குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே. அவர்கள் யார் என்பதை ஸ்கேனுக்கு முன்பே ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பிரச்சினை என்னவென்றால், பயப்படத் தேவையில்லாதவர்கள் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார்கள். கவனமாக இருக்க வேண்டியவர்கள் கிரியேட்டினின் கூடப் பார்க்காமல் போய்ப் படுத்துவிடுகிறார்கள்.

‘டை’ என்பது என்ன?

பேர்தான் டை, இது சாயம் அல்ல. அயோடின் கலந்த, நிறமற்ற ஒரு திரவம். எக்ஸ்-ரே கதிர்களை அயோடின் தடுத்துவிடும் என்பதால், இந்தத் திரவம் போகும் ரத்தக் குழாய்களும் உறுப்புகளும் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டி எங்கே இருக்கிறது, ரத்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது, குடலில் எங்கே வீக்கம் என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவாகப் புரியும். மருத்துவர்கள் இதை ‘கான்ட்ராஸ்ட்’ என்பார்கள்.

சி.டி. ஸ்கேனுக்குக் கை நரம்பு வழியாகச் சுமார் 100 மில்லி அளவில் இது செலுத்தப்படும். உடல் முழுக்கச் சூடு பரவுவது போலவும், சிறுநீர் கழித்துவிட்டது போலவும் ஒரு நிமிடம் தோன்றும். அது வழக்கமானதுதான். கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு ஒரே நாளில் பெரும்பகுதி டை சிறுநீரோடு வெளியேறிவிடும்.

எல்லா சி.டி. ஸ்கேனுக்கும் டை தேவையில்லை. சிறுநீரகக் கல் பார்க்க, தலையில் அடிபட்டால் முதலில் பார்க்க எல்லாம் பெரும்பாலும் ‘பிளெய்ன் சி.டி.’ போதும். அதனால், “இது பிளெய்னா, கான்ட்ராஸ்ட்டா?” என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கிட்னிக்குள் என்ன நடக்கிறது?

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. ஆனாலும், சிறுநீரகத்தின் உட்பகுதி மிகக் குறைந்த ஆக்சிஜனில்தான் வேலை பார்க்கிறது. மாத சம்பளம் வந்தவுடன் தீர்ந்துபோகும் குடும்பம் மாதிரி, கையிருப்பு என்று எதுவும் இல்லை. டை அங்கே போகும்போது சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கலாம். திரவம் கெட்டியாக இருப்பதால் நுண்குழாய்களில் மெதுவாக நகரும். அந்தக் குழாய்களின் உட்சுவர் செல்களையும் அது நேரடியாகப் பாதிக்கலாம்.

ஆரோக்கியமான கிட்னி இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே தளர்ந்துபோன கிட்னி, அதோடு உடலில் நீர்ச்சத்தும் குறைவு, வலி மாத்திரையும் உள்ளே போயிருக்கிறது என்றால் அந்தச் சுமை தாங்காமல் போகலாம்.

அப்படி நடந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு 24 முதல் 48 மணி நேரத்தில் ஏற ஆரம்பிக்கும். 3 முதல் 5 நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 10 நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். 48 மணி நேரத்தில் 0.3 மி.கி. அளவு ஏறினாலே, அதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று மருத்துவ உலகம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பலருக்கு இதில் எந்த அறிகுறியும் தெரியாது. வலிக்காது, எரியாது. ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது?

1954இல் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இருந்த ஒருவருக்கு, டை போட்டு எக்ஸ்-ரே எடுத்த பிறகு சிறுநீர் வருவதே நின்றுபோனது மருத்துவ இதழில் பதிவானது. அந்தக் காலத்து டை இன்றைய டை அல்ல. ரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்த்தி கொண்டது. இப்போது பயன்படும் அயோஹெக்சால், அயோடிக்சனால் போன்றவை அதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவை.

அதோடு, பழைய ஆய்வுகளில் ஒரு ஓட்டை இருந்தது. டை போட்டவர்களுக்குக் கிரியேட்டினின் ஏறியதை எண்ணினார்கள்; டை போடாத நோயாளிகளுக்கு எத்தனை பேருக்கு ஏறுகிறது என்று ஒப்பிடவில்லை. அமெரிக்காவில் டை போடாத 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கிரியேட்டினின் 25 சதவீதமாவது மாறியிருந்தது! நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல், வாந்தி, தொற்று, ரத்த அழுத்தம் குறைதல் என்று எதனாலும் அது ஏறலாம். பழி மட்டும் டை மேல் விழுந்துகொண்டிருந்தது.

2013க்குப் பிறகு மேயோ கிளினிக், மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் டை போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பெரிய ஆய்வுகள் நடந்தன. அதன் பிறகு 2020இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவக் கல்லூரியும் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைச் சொல்லும் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற எண்ணை வைத்து அது ஆபத்தைப் பிரித்துச் சொல்கிறது. நரம்பு வழியாகப் போடும் டையால் மட்டும் வரக்கூடிய பாதிப்பு, அந்த எண் 45க்கு மேல் இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். 30 முதல் 44 வரை இருந்தால் 0 முதல் 2 சதவீதம். 30க்குக் கீழே இருந்தால் 0 முதல் 17 சதவீதம் வரை.

ஆக, கேள்வி “டை ஆபத்தா?” என்பது அல்ல. “என் அப்பாவின் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?” என்பதுதான்.

கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. ஒரே கிரியேட்டினின் இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம் தரும். 25 வயது இளைஞருக்கு 1.2 என்று வந்தால், இப்போது பரவலாகப் பயன்படும் 2021 கணக்கீட்டு முறைப்படி அவருடைய இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 86. கவலை இல்லை. அதே 1.2, 65 வயது அம்மாவுக்கு வந்தால் சுமார் 50. அந்த அம்மாவுக்கே 1.8 என்று வந்தால் 31 அளவுக்கு இறங்கிவிடும். “ஒண்ணு புள்ளி எட்டுதானே, கொஞ்சம்தான் அதிகம்” என்று தோன்றும் எண், உண்மையில் எல்லைக் கோட்டில் நிற்கிறது.

பல லேப்களின் ரிப்போர்ட்டிலேயே இ.ஜி.எஃப்.ஆர். அச்சாகி வரும். வராவிட்டால் வயது, பாலினம், கிரியேட்டினின் மூன்றையும் வைத்து மொபைலிலேயே கணக்கிட முடியும். ரிப்போர்ட் எவ்வளவு புதியதாக இருக்க வேண்டும்? உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு 3 மாதத்துக்குள் எடுத்தது போதும் என்றும், உடல்நிலை திடீரென மோசமானவர்களுக்கும் உள்நோயாளிகளுக்கும் 7 நாளுக்குள் எடுத்தது வேண்டும் என்றும் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது.

சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு இருப்பவர்கள், ஏற்கெனவே கிட்னி பிரச்சினை உள்ளவர்கள், ஒற்றைக் கிட்னியோடு வாழ்பவர்கள், வயதானவர்கள் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

“நமக்கு சுகரும் இல்ல, பி.பி.யும் இல்ல” என்று சொல்பவர்களும் யோசிக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் 2023இல் தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். 20 பேரில் ஒருவர் என்ற கணக்கில் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவுமே இல்லை. வெயிலில் நின்று உழைப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். மாந்தோப்பிலும் கல்குவாரியிலும் ஆயுள் முழுக்க உழைத்தவர்கள் நிறைந்த ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, மத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது சாதாரணத் தகவல் அல்ல.

ஊத்தங்கரையிலிருந்து ஸ்கேன் வரை: வழியில் நடக்கும் தவறுகள்

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. அப்படியும் ஊத்தங்கரைக்காரர்களுக்குப் பெரிய பரிசோதனை என்றால் ஒரு பயணம் இருக்கத்தான் செய்கிறது. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கி.மீ. சிலர் தருமபுரி, சேலம் போவார்கள். சிலர் ஓசூரைத் தாண்டி பெங்களூருவுக்கே போய்விடுவார்கள். கிட்னிக்கு ஆகாத விஷயங்கள் பெரும்பாலும் இந்தப் பயணத்தில்தான் நடக்கின்றன.

முதலாவது, தண்ணீர். “வெறும் வயித்துல வாங்க” என்று சொன்னால் பலர் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பஸ்ஸில் போகும்போது பாத்ரூம் பிரச்சினை வரும் என்று பெண்கள் சுத்தமாகக் குடிக்காமல் கிளம்புவார்கள். சித்திரை வெயிலில் பயணம், பிறகு ஸ்கேன் சென்டரில் டோக்கனுக்குக் காத்திருப்பு. டை ஏறும்போது உடல் வறண்டு கிடக்கும். இன்றைய டை வகைகளுக்கு வழக்கமான சி.டி. ஸ்கேனுக்கு முன் பட்டினி கிடக்கத் தேவையில்லை என்பதுதான் ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலோ, குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கோ விதிவிலக்கு உண்டு. அதனால், “சாப்பிடக் கூடாதா, தண்ணியும் குடிக்கக் கூடாதா? எத்தனை மணியிலிருந்து?” என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது, வலி மாத்திரை. முதுகு வலி, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ‘செட் மாத்திரை’யில் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை இருக்க வாய்ப்பு அதிகம். இவை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. டை போடும் நாளையொட்டி இவற்றைத் தவிர்ப்பது அவசியம். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். என்ன மாத்திரை என்று பேர் தெரியாவிட்டால் அட்டையையே கையோடு எடுத்துப் போகலாம்.

மூன்றாவது, திரும்பத் திரும்ப ஸ்கேன். ஊருக்குப் பக்கத்தில் எடுத்த ஸ்கேனின் சி.டி.யை வீட்டிலேயே விட்டுவிட்டு பெங்களூருவுக்குப் போனால், அங்கே மறுபடியும் டை போட்டு எடுக்கச் சொல்ல வாய்ப்புண்டு. ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை டை போவது, தளர்ந்த கிட்னிக்கு இரட்டைச் சுமை. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படங்கள் உள்ள சி.டி. அல்லது லிங்க் முக்கியம். அதை வாங்காமல் ஸ்கேன் சென்டரை விட்டுக் கிளம்பக் கூடாது.

‘குளுக்கோஸ் ஏத்தினா’ சரியாகிவிடுமா?

டிரிப் என்றாலே ‘குளுக்கோஸ்’ என்று சொல்வது நம்மூர் வழக்கம். இங்கே பயன்படுவது குளுக்கோஸ் அல்ல, உப்புநீரான நார்மல் சலைன். இதுவும் எல்லோருக்கும் தேவையில்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 660 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. இ.ஜி.எஃப்.ஆர். 30 முதல் 59 வரை உள்ளவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு சலைன் ஏற்றினார்கள். இன்னொரு பாதிக்கு ஏற்றவில்லை. கிட்னி பாதிப்பு ஏற்றியவர்களில் 2.7 சதவீதம், ஏற்றாதவர்களில் 2.6 சதவீதம். வித்தியாசமே இல்லை. மாறாக, சலைன் ஏற்றியவர்களில் 5.5 சதவீதம் பேருக்கு அந்த டிரிப்பினாலேயே இதயச் செயலிழப்பு உள்ளிட்ட சிக்கல்கள் வந்தன. ஆக, இந்தப் பிரிவினர் வழக்கம்போலத் தண்ணீர் குடித்து, உடல் வறளாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் போதும்.

இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருப்பவர்கள், அல்லது ஏற்கெனவே திடீர் சிறுநீரகப் பாதிப்பில் இருப்பவர்கள் விஷயம் வேறு. டயாலிசிஸுக்கு வராத நிலையில் இருக்கும் இவர்களுக்கு, டை போடுவதற்குச் சுமார் 1 மணி நேரம் முன்பே சலைன் தொடங்கி, பிறகு 3 முதல் 12 மணி நேரம் வரை தொடர்வது பரிந்துரைக்கப்படுகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைத்து, பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். 30 முதல் 44 வரை உள்ளவர்களில் வேறு ஆபத்துக் காரணிகளும் இருந்தால் மருத்துவர் முடிவு செய்வார்.

கிட்னியைக் காப்பாற்றும் என்று அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை ஒரு காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்டது. சோடா உப்பு டிரிப்பும் அப்படித்தான். ஆஞ்சியோ செய்துகொண்ட சுமார் 5,000 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ‘பிரிசர்வ்’ ஆய்வு, இரண்டாலும் கூடுதல் பலன் இல்லை என்று காட்டிவிட்டது. “டையை வெளியே எடுக்க உடனே ஒரு டயாலிசிஸ்” என்பதும் தேவையில்லாதது. மொத்தத்தில் விலை குறைவான விஷயங்கள்தான் கைகொடுக்கின்றன: தண்ணீர், சலைன், தேவைக்கு மேல் போகாத டை அளவு.

சுகர் மாத்திரையை நிறுத்தணுமா?

வீடு தேடி வரும் மருந்துப் பையில் மெட்ஃபார்மின் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆனால், டையால் கிட்னி திடீரென மந்தமானால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும். அதனால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்காகத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும். 30 முதல் 60 வரை உள்ளவர்களுக்கு வழிகாட்டுதல்கள் கொஞ்சம் மாறுபடும் என்பதால் மருத்துவர் சொல்வதே முடிவு. நிறுத்தினால், 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

இங்கே இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, எல்லா சுகர் மாத்திரையையும், பி.பி. மாத்திரையையும் சேர்த்துத் தாங்களாகவே நிறுத்திவிடுவது. இன்னொன்று, நிறுத்திய மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்காமலே விட்டுவிடுவது. “எதை நிறுத்தணும், என்னைக்கு மறுபடி ஆரம்பிக்கணும்” என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்வதே இதற்கு வழி.

ஆஞ்சியோ என்றால்? எமர்ஜென்சி என்றால்?

இதய ஆஞ்சியோவில் டை தமனி வழியாகப் போகிறது.  ஸ்டென்ட் வைத்தால் அளவும் கூடும். மாரடைப்பு வந்தவருக்கு ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கலாம். அதனால் சாதாரண சி.டி. ஸ்கேனைவிட இங்கே கவனம் அதிகம் தேவை. பயன்படுத்தும் டையின் மில்லி அளவு, நோயாளியின் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் போல் 3 மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இதய மருத்துவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு. எண் 40 என்றால் 120 மில்லிக்குள்.

ஆனால் உயிர் ஊசலாடும் நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். மாரடைப்பு, பக்கவாதம், நெடுஞ்சாலை விபத்தில் உள்காயம் என்று வந்தால் கிரியேட்டினின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அங்கே “கிட்னிக்கு ஆகாது, டை வேண்டாம்” என்று குடும்பத்தினர் மறுப்பதுதான் பெரிய ஆபத்து. கிட்னியைப் பிறகு கவனிக்க வழி உண்டு. தவறவிட்ட நேரத்தைத் திரும்பப் பெற முடியாது.

“அப்போ எம்.ஆர்.ஐ. எடுத்துடலாமே?” என்று சிலர் கேட்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் போடுவது அயோடின் அல்ல, கடோலினியம் என்ற வேறு பொருள். கிட்னி மிக மோசமானவர்களுக்குப் பழைய வகை கடோலினியம் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக வைக்கும் அரிய நோயைத் தந்தது 2006இல் தெரியவந்தது. இன்றைய வகைகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. எப்படியும், எது தேவை என்பதை நோய்தான் முடிவு செய்ய வேண்டும், பயம் அல்ல.

ஸ்கேன் முடிந்த பிறகு

மருத்துவர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தாதவர்கள் அன்றும் மறுநாளும் வழக்கம்போல நன்றாகத் தண்ணீர் குடிக்கலாம். ஆபத்துப் பிரிவில் இருப்பவர்கள் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் மறுபடி பார்க்க வேண்டும். இதற்காகத் திரும்ப கிருஷ்ணகிரிக்கோ பெங்களூருவுக்கோ போக வேண்டியதில்லை. ஊரிலேயே பார்த்து, ரிசல்ட்டை மருத்துவருக்கு அனுப்பினால் போதும். பரிசோதனை வரை வலி மாத்திரை வேண்டாம். சிறுநீர் வெகுவாகக் குறைவது, கால் வீக்கம், மூச்சு வாங்குவது, விடாத வாந்தி இருந்தால் மூன்றாவது நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

• இந்த ஸ்கேனுக்கு டை அவசியமா, பிளெய்ன் போதுமா?
• கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு? எப்போது எடுத்தது?
• தண்ணீர் குடிக்கலாமா? எதுவரை?
• எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும்?
• சலைன் தேவைப்படுமா?
• ஸ்கேனுக்குப் பிறகு கிரியேட்டினின் எப்போது பார்க்க வேண்டும்?

கூட வருபவர் வாட்ஸ்ஆப்பில் இந்த ஆறு கேள்விகளையும், பழைய ரிப்போர்ட்டின் போட்டோவையும், மாத்திரை அட்டைகளின் போட்டோவையும் வைத்திருந்தால் கவுன்டரில் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். ஸ்கேன் தேதி குறித்த அன்றே ஊரிலேயே கிரியேட்டினின் எடுத்துவிட்டால், ரிசல்ட் சரியில்லை என்று அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர வேண்டிய அலைச்சலும் மிச்சம்.